வாசலில் கிடக்கும் கட்டில்

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஓய்வு பெற்று, பிறகு டி.எஸ்.சி.யில் (ராணுவ இடங்களுக்குக் காவல் இருக்கும் பாதுகாப்புப் படை) சேர்ந்து பஞ்சாபில் உள்ள பதான்கோட் விமானப்படைத் தளத்தில் காவல் பணி பார்த்தவர். 2016-இல் பயங்கரவாதிகள் அந்தத் தளத்தைத் தாக்கியபோது தங்கையின் பிரசவத்துக்காக லீவில் வந்திருந்தார். அந்தக் கதையையே தினமும் சொல்கிறார். இரவில் தூங்காமல் டார்ச்சோடு காம்பவுண்டைச் சுற்றுகிறார். விடிகாலையில் பால்காரரைப் பார்த்து "தம்! கோன் ஆதா ஹை?" (நில்! யார் வருவது?) என்று கத்த, அவர் கேனைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார். தெருவே சிரிக்கிறது. இருமலில் குழந்தை எழுந்துவிடுகிறது என்று கட்டிலை வராண்டாவில் போட்டு, பத்து மணிக்கு உள்பக்கம் தாழ் போட்டுக்கொள்கிறோம். அவருக்குத் தெரியாமல் பாலில் தூக்க மாத்திரை கலந்து கொடுக்கலாமா?
— குடியாத்தம் வாசகர்

பதில்: மாத்திரை இருக்கட்டும் தம்பி. அந்தத் தாழ்ப்பாளைப் பற்றிப் பேசுவோம்.

தூக்கம், டார்ச், பால்காரர் என்று விலாவாரியாக எழுதிவிட்டு, கதவைத் தாழிடுவதை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். வீட்டு ஆட்களெல்லாம் உள்ளே. ஒருத்தர் மட்டும் கேட் பக்கம். அவருக்கு ஊரில் என்ன பெயர்? வாட்ச்மேன். போஸ்ட்டிங் போட்டது நீங்கள். அவர் டூட்டி பார்க்கிறார், அவ்வளவுதான். அதுவும் சம்பளமில்லாமல்.

63 வயதில் ராத்திரி இரண்டு தடவையாவது எழுந்திருக்க வேண்டிவரும். பாத்ரூம் உள்ளே இருந்தால் மனிதர் எங்கே போவார்? சுவர் ஓரத்துக்கா? டார்ச் எதற்கு என்று ஒரு நாளாவது கேட்டீர்களா?

அந்தக் 'கதை'க்கு வருகிறேன். 2016 ஜனவரி 2, விடிவதற்குள் தாக்குதல். உயிர்விட்ட பாதுகாப்புப் படையினர் 7 பேரில் 5 பேர் டி.எஸ்.சி. உங்கள் அப்பாவைப் போலவே ஒருமுறை ஓய்வு பெற்றுவிட்டு மறுபடி துப்பாக்கி தூக்கினவர்கள். ஜகதீஷ் சந்த் என்பவர் வெறுங்கையோடு பயங்கரவாதி ஒருவனை மடக்கி, அவன் துப்பாக்கியாலேயே அவனைச் சுட்டுவிட்டு இறந்தார். கீர்த்தி சக்ரா என்ற வீர விருது கொடுத்தார்கள். உங்கள் அப்பா இதையெல்லாம் வீட்டு டி.வி.யில் பார்த்திருக்கிறார். லீவு முடிந்து அதே பாரக்குக்குத் திரும்பிப் போயிருக்கிறார். கூடச் சாப்பிட்டவர்கள் செத்த ராத்திரியில் தான் சொந்த வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தோம் என்பது அவரை அரிக்கிறது. அந்த வீட்டில் படுத்தால் அவருக்கு எப்படித் தூக்கம் வரும்? நீங்கள் வேறு வெளியே தள்ளித் தாழ் போட்டிருக்கிறீர்கள்.

குழந்தை எழுந்துவிடுமாம். நீங்கள் குழந்தையாக இருந்தபோது உங்கள் பக்கத்தில் படுக்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வந்து பார்த்துவிட்டுப் போனார். பேரன் பக்கத்திலாவது படுக்கட்டும். பெற்றவனுக்கு வாசலும் பிள்ளைக்கு ஏ.சி. ரூமும் என்கிற வீட்டுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் கட்டிலை நகர்த்தியிருக்கிறீர்கள்!

தெரியாமல் மாத்திரை கலப்பது பச்சைத் துரோகம். ஆபத்தும்கூட. அரைத் தூக்கத்தில் எழுந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அப்புறம் நீங்கள்தான் ராத்திரி கண் விழிக்க வேண்டும். விஷயம் தெரிந்துவிட்டாலோ, உங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்.

இன்றைக்கே கட்டிலை உள்ளே கொண்டுபோங்கள். ரிலீவர், அதாவது அடுத்த டூட்டிக்காரர், வந்து பொறுப்பு வாங்காமல் காவல் நிற்கும் சென்ட்ரி போஸ்ட்டை விட்டு நகர மாட்டான். ஆகவே பத்து மணிக்கு நீங்களே அவரோடு காம்பவுண்டை ஒரு சுற்று வந்து, கேட்டைப் பூட்டி, சாவியையும் டார்ச்சையும் வாங்கிக்கொண்டு, "நான் பார்த்துக்கறேன்பா, நீங்க போய்ப் படுங்க" என்று சொல்லுங்கள். உங்கள் மனைவி சொன்னால் பத்தாது. நீங்கள் சொல்ல வேண்டும், தினமும்.

அப்புறம் அவருடைய இ.சி.எச்.எஸ். (முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டம்) கார்டை எடுத்துக்கொண்டு வேலூர் பாலிகிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். மனநல மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிடாமல் கூடவே உள்ளே போங்கள். ராத்திரி அவர் என்ன செய்கிறார், என்ன கத்துகிறார் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவரைக் கேட்டால், "ஒண்ணுமில்ல சார், நல்லா இருக்கேன்" என்று எழுந்து வந்துவிடுவார்.