வாசகர் கேள்வி பதில்: லாவோ எழுத்தும் ஆட்சியும்

கேள்வி: லாவோஸிலிருந்து வரும் பிக்குமார் குழுவுக்காக எங்கள் விடுதி வாசலில் அவர்கள் மொழியிலேயே ‘விடுதி’ என்று பேனர் போட நினைத்தோம். ஒலியைக் கேட்டுக் கணினியில் அடித்து அனுப்பினால், வாசிக்க முடியவில்லை என்கிறார்கள். எங்கே பிழை?
(நுவரெலியா வாசகர்)

பதில்: எழுத்துகள் சரி. அடித்த வரிசைதான் தமிழ் வரிசை. தமிழில் ‘கெ’ வேண்டுமானால் ககரத்தை முதலில் அடிக்கிறோம். பிறகு அடிக்கும் கொம்பு தானாக முன்னே போய் நிற்கும். லாவோவில் அது நகராது. கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே, குறியை முதலில் அடிக்க வேண்டும்.

விடுதிக்கு அங்கே ‘ஹோங் ஹேம்’. ஓகாரக் குறி, ஹ, ங, ஏகாரக் குறி, ஹ, ம என ஆறு தட்டு. ஹகரத்தை முதலில் அடித்தால் ஓகாரம் அடுத்த ஙகரத்தோடு ஒட்டி ‘ஹ-ஙோ-ஹ-மே’ ஆகிவிடும். அதுதான் உங்களுக்கு நடந்திருக்கிறது.

இந்த ‘ஹே’ நம் ஏகாரம் அல்ல, சிங்களத்தில் ஏகாரத்துக்கும் ஆகாரத்துக்கும் நடுவே ஒலிக்குமே, அது. அதன் குறி இரட்டைக் கொம்பு போலிருக்கும். ஒற்றைக் கொம்பை இருமுறை தட்டினாலும் அச்சில் அப்படியே தெரியும், ஆனால் கணினிக்கு அது வேறு சொல், தேடினால் அகப்படாது. தமிழில் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் போடுகிறார்களே, அதே தவறு.

குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் தொனிக்குறியை அழகுக்காக வைத்த கோடு என்று விட்டுவிடாதீர்கள். ‘மா’ என்று குறியில்லாமல் எழுதினால் ‘வா’. இரண்டாம் தொனிக்குறி ஏறினால் குதிரை. மகரத்துக்கு முன் ஹகரம் சேர்த்து எழுதினால் நாய். மேலே உயிர்க்குறியும் தொனிக்குறியும் வரும் இடத்தில் மெய், உயிர், தொனி என்று அடியுங்கள். ‘அம்’ ஒலிக்குறி மட்டும் விலக்கு: தண்ணீரைக் குறிக்கும் ‘நாம்’ என்ற சொல்லில் தொனிக்குறியை அடித்த பிறகே அதை அடிக்க வேண்டும்.

சொற்களுக்கு இடையே இடைவெளி விடும் வழக்கமும் இல்லை. ஆகவே வரி எங்கே முறிய வேண்டும் என்பது பல வடிவமைப்பு மென்பொருள்களுக்குத் தெரியாது. நீங்களே முறித்துக் கொடுங்கள். எழுத்துருவுக்கு ‘பெட்சராத்’ போதும், அரசு அலுவலகங்களில் புழங்குவது அது.

கேள்வி: லுவாங் பிரபாங், லுவாங் பபாங். எது சரி?
(பண்டாரவளை வாசகர்)

பதில்: இரண்டும் ஒரே ஊர். பேச்சில் ரகரம் முன்பே தேய்ந்து போயிருந்தது. 1975 டிசம்பர் 2இல் மன்னராட்சி முடிந்து மக்கள் ஜனநாயகக் குடியரசு வந்த பின், ஒலிக்கிறபடியே எழுத வேண்டும் என்று ரகரத்தை அகரவரிசையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். வெளிநாட்டுப் பெயர்களுக்காக அது பின்னர் திரும்பி வந்தது.

பாளிச் சொற்களுக்கும் அதே கதிதான். சிங்கள எழுத்து பாளியின் ஒவ்வோர் ஒலிக்கும் இடம் வைத்திருக்கிறது. லாவோவுக்கு, தமிழைப் போலவே, அத்தனை எழுத்து இல்லை. அதனால்தான் பழைய பௌத்த ஓலைச்சுவடிகள் ‘தம்’ என்ற தனி எழுத்தில் இருக்கின்றன. ‘தம்ம’ என்பதிலிருந்து வந்த பெயர். லாவோ எழுத்தின் வேரும் கெமர் வழியாகப் பல்லவ எழுத்துக்கே போகிறது. ஓலை எழுதிய நம் முன்னோரின் கை அங்கேயும் பட்டிருக்கிறது என்று நினைக்க நெஞ்சு நிறைகிறது.

கேள்வி: லயத்தில் பிறந்தவன் நான். லாவோஸில் ஊர்க்காரருக்கு நிலம் சொந்தமா? தகராறு வந்தால் யாரிடம் போவார்கள்?
(மஸ்கெலியா வாசகர்)

பதில்: சட்டப்படி நிலம் தேசிய சமூகத்துக்குச் சொந்தம், நிர்வகிப்பது அரசு. 1991இல் வந்த அரசியலமைப்பின் ஏற்பாடு அது. குடிமக்களுக்கு இருப்பது பயன்பாட்டு உரிமை. அதை விற்கலாம், பிள்ளைகளுக்கு விடலாம். அதற்குரிய உறுதிப்பத்திரம் ‘பை தா தின்’. மலைப்பக்கச் சேனை நிலங்கள் பலவற்றுக்கு அது கிடையாது. நிலவரி கட்டிய துண்டை மட்டும் வைத்திருப்பார்கள். திட்டம் ஏதாவது வந்து நட்டஈடு பேசும்போது அந்தத் துண்டு பத்திரத்துக்கு ஈடாக நிற்காது.

சிறு பிணக்குகளை ஊர்த்தலைவர் ‘நாய் பான்’ பார்வையில் இயங்கும் கிராம மத்தியஸ்தக் குழு பேசித் தீர்க்கப் பார்க்கும். நம் மத்தியஸ்த சபையை நினைத்துக்கொள்ளுங்கள். தீராவிட்டால் நீதிமன்றம். ஆளும் கட்சி ஒன்றே. வேறு கட்சிக்கு இடமில்லை.