பார்த்தே இராத ஊரின் அணிக்கு ஒருவர் எப்படி ரசிகர் ஆகிறார்?

இப்படிப்பட்டவரைத் தொலைதூர ரசிகர் என்று சொல்லலாம். அணியின் ஊரோடு அவருக்குப் பிறப்பாலோ வாழ்வாலோ தொடர்பு இருக்காது.

காரணம், சிறு வயதில் எந்த ஆட்டம் கண்ணில் பட்டது, யாரோடு பார்த்தோம் என்பதுதான். நார்வே இதற்கு நல்ல சான்று. 1969 நவம்பரில் அந்நாட்டுத் தொலைக்காட்சி இங்கிலாந்துக் கால்பந்தைச் சனிக்கிழமைகளில் நேரலையாகக் காட்டத் தொடங்கியது. குளிர்காலத்தில் உள்ளூர் லீக் நடக்காது. பார்க்க வேறு கால்பந்தும் இல்லை. அப்போது ஒட்டிக்கொண்ட பிரியம் அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போனது. தாய்மொழி மாதிரிதான் இது: யாரும் உட்கார்ந்து தேர்ந்தெடுப்பதில்லை, வீட்டில் காதில் விழுந்தே வந்துவிடுகிறது.

அப்புறம், வாழும் இடம் ரசிகரின் அன்றாடத்தையும் மாற்றுகிறது. லண்டன்காரர் குளிர்காலச் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு மைதானத்தில் இருப்பார். அதே ஆட்டத்துக்குச் சிட்னிக்காரர் ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு விழித்திருக்க வேண்டும். அந்த விழிப்பும் முழுமையான விசுவாசம் என்றே நான் நினைக்கிறேன்.

தொலைதூர ரசிகர்கள் ஜெயிக்கும் அணியை மட்டும் பிடித்துக்கொள்வார்கள் என்பது தவறு: இங்கிலாந்து அணியான லீட்ஸ் யுனைடெட் 2004 முதல் 2020 வரை அந்நாட்டின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீக்கிலேயே இல்லை, நார்வேயின் லீட்ஸ் ரசிகர்கள் அப்போதும் விலகவில்லை.