வாசகர் கேள்வி: எருக்குழிக்கும் உரிமம் வேண்டுமா?

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கத்தில் மூன்று ஏக்கர் தோட்டமும் நான்கு மாடுகளும் வைத்திருக்கிறேன். சாணத்தோடு காய்கறிச் சந்தையிலிருந்து வேனில் கொண்டுவரும் கழிவையும் சேர்த்து, நான்கு தொட்டிகளில் மண்புழு உரம் தயாரிக்கிறேன். என் நிலத்துக்குப் போக மீதியை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்கிறேன். இப்போது நாற்றுப்பண்ணைக்காரர் ஒருவர், என் தோட்டத்தின் பெயர் அச்சிட்ட பையில் மாதந்தோறும் உரம் வேண்டும் என்கிறார். உரிமம் இல்லாமல் விற்றால் வழக்கு வரும் என்கிறார் உரக்கடைக்காரர். உண்மையா?
— ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: உரக்கடைக்காரர் சொல்வது மிகையில்லை. ஆனால் அவர் சொன்னது உங்கள் தொட்டிக்குப் பொருந்தாது, பைக்குத்தான் பொருந்தும். இரசாயன உரத்துக்காக வந்த 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் 2006-இல் உயிர் உரங்களும், சாணம், மக்கிய கழிவு போன்றவற்றாலான அங்கக உரங்களும் சேர்க்கப்பட்டன. மண்புழு உரத்துக்கும் நகரக் கழிவு உரத்துக்கும் தர அளவுகள் வகுக்கப்பட்டன. அந்த ஆணையின் 12-ஆம் பிரிவு, அங்கக உரம் தயாரிப்பதைத் தொழிலாக நடத்துபவர் உற்பத்திச் சான்று பெற வேண்டும் என்கிறது. தன் சாணத்தைத் தன் குழியில் மக்கவைத்துத் தன் வயலில் கொட்டுபவர் எந்தத் தொழிலும் நடத்தவில்லை. அவரிடம் யாரும் சான்று கேட்க முடியாது. ஆட்டுக்கிடை போடுவதற்கு இதுவரை யாரும் உரிமம் கேட்டதில்லை அல்லவா?

விலைக்குக் கொடுக்கும்போது கணக்கு மாறுகிறது. எழுத்துப்படி பார்த்தால் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் காசு வாங்குவதும் விற்பனைதான். பையும் பெயரும் வந்தபின் அதை மறைக்கவும் இடமில்லை. தர அளவுக்குக் குறைந்த உரத்தை விற்பது அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின்கீழ் குற்றம். மூன்று மாதம் முதல் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு அதில் இடம் உண்டு. ஆகவே நாற்றுப்பண்ணைக்காரரிடம் முன்பணம் வாங்கும் முன், வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போய், சான்றுக்கு எங்கே, எந்தப் படிவத்தில் விண்ணப்பிப்பது, உங்கள் அளவிலான உற்பத்திக்கு என்னென்ன தேவை, பையின்மேல் எந்த விவரங்களை அச்சிட வேண்டும் என்பதைக் கேட்டறியுங்கள்.

தர அளவுகளில் சிறு உற்பத்தியாளர் வழுக்கி விழும் இடம் பெரும்பாலும் ஈரப்பதம்தான் என்பது என் எண்ணம். மண்புழு உரத்தில் ஈரம் 15 முதல் 25 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அங்ககக் கரிமம் 18 சதவீதத்துக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) 1 சதவீதத்துக்கும் குறையக் கூடாது. நூற்றுக்குத் தொண்ணூறு பங்காவது 4 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்க வேண்டும். புழு உயிரோடு இருக்க வேண்டி நாம் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கிறோம். அப்படியே அள்ளிப் பையில் போட்டால் 40 சதவீதத்துக்கு மேலும் ஈரம் இருக்கும். 50 கிலோ பையில் 40 சதவீதம் தண்ணீர் என்றால் வாங்குபவருக்குக் கிடைப்பது 30 கிலோ உலர்பொருள். 25 சதவீதம் என்றால் 37.5 கிலோ. அந்த ஏழரை கிலோவைத் தண்ணீராக விற்பதைத்தான் ஆணை தடுக்கிறது. அதில் எனக்கு முழு உடன்பாடு. அள்ளுவதற்குச் சில நாட்களுக்கு முன்பே தெளிப்பதை நிறுத்தி, நிழலில் குவித்து, புழு அடியில் இறங்கியபின் மேலாக அள்ளி, ஆறவைத்துச் சலியுங்கள். வெயிலில் காயவைக்க வேண்டாம்.

சந்தைக் கழிவு பற்றி நீங்கள் கேட்கவில்லை. எனக்கு அதிகக் கவலை தருவது அதுதான். சொந்தத் தொழுவத்துச் சாணத்தில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். சந்தைக் குவியலில் வெங்காய வலைச் சாக்கின் நூலும், கீரைக்கட்டின் ரப்பர் வளையமும், சில சமயம் தேய்ந்துபோன பேட்டரியும் கிடக்கும். நூல் சல்லடையில் சிக்கிக்கொள்ளும். பேட்டரியிலிருந்து இறங்கும் காட்மியமும் ஈயமும் சிக்கமாட்டா. கிலோவுக்குக் காட்மியம் 5 மில்லிகிராமுக்கும் ஈயம் 100 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பு பெரிய ஆலைக்கும் உங்கள் நான்கு தொட்டிக்கும் ஒன்றே. நகரக் கழிவு உரத்துக்கு இவற்றோடு ஆர்செனிக், பாதரசம், செம்பு, துத்தநாகம் ஆகியவற்றுக்கும் வரம்பு உண்டு. குவியலிலிருந்து அள்ளாமல், இரண்டு மூன்று மண்டிக்காரர்களிடம் பேசி, இலையும் காயும் மட்டும் தனிக் கூடையில் போடச் சொல்லி நேரே எடுத்து வாருங்கள். முதல் விற்பனைக்கு முன் ஒரு மாதிரியை ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துக்கொள்வதும் நல்லது.

கேள்வி: மாடியில் மூன்று மண்தொட்டிகளில் சமையலறைக் கழிவை மக்கவைக்கிறேன். வாசனை வருகிறது என்று பக்கத்து வீட்டார் மாநகராட்சியில் புகார் கொடுப்பதாகச் சொல்கிறார்கள். இதற்கும் அனுமதி தேவையா?
— ஒரு வாசகி, சென்னை

பதில்: தேவையில்லை. மக்கும் குப்பையை உருவாகும் இடத்திலேயே இயன்றவரை உரமாக்குவதைத்தான் அரசின் விதிகளும் ஊக்குவிக்கின்றன. ஆனால் துர்நாற்றமும் ஈயும் அடுத்தவருக்குத் தொல்லையானால், பொதுச் சுகாதாரச் சட்டத்தின்படி உள்ளாட்சி அமைப்பு தலையிடலாம். நாற்றம் வருகிறதென்றால் ஈரம் மிகுந்து காற்றுப் புகவில்லை என்று பொருள். ஒவ்வொரு முறை கழிவு போட்டபின்னும் ஒரு கை காய்ந்த சருகோ தென்னை நார்த்தூளோ தூவி, இரண்டு நாளைக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். மீனும் எலும்பும் போடாதீர்கள். வாரத்துக்குள் பக்கத்து வீட்டாரோடு சமாதானம் ஆகிவிடலாம்.

கேள்வி: தென்னந்தோப்புக்கு அங்ககச் சான்று (இயற்கை வேளாண்மைச் சான்று) பெற விண்ணப்பிக்கவிருக்கிறேன். நார்க்கழிவை யூரியா சேர்த்து மக்கவைத்து வந்தேன். அதைத் தொடரலாமா?
— ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: தொடர முடியாது. டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக் காளான் வித்தும் சேர்க்கும் அந்த முறை வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைத்ததுதான். 112-க்கு 1 என்றிருக்கும் கரிம, தழைச்சத்து விகிதத்தை அது 24-க்கு 1 என்ற அளவுக்கு இறக்குகிறது. ஆனால் அங்ககச் சான்றுக்கான தேசிய விதிமுறைகளில் யூரியாவுக்கு இடமில்லை. தழைச்சத்துக்குச் சொந்த மாட்டுச் சாணத்தையும், சணப்பு, கொளுஞ்சி போன்ற பசுந்தாளையும் அடுக்கடுக்காக இடுங்கள். மக்குவதற்குக் கூடுதல் காலம் ஆகும். பெரிய கூண்டுப் பண்ணைகளின் கோழி எருவை வாங்கிச் சேர்ப்பதானால், முதலில் சான்றளிப்பு அலுவலரிடம் எழுத்துமூலம் ஒப்புதல் பெறுங்கள். யூரியா கலந்து ஏற்கனவே மக்கவைத்த குவியல் மீதமிருந்தால், சான்றுக்குக் கொடுக்கும் நிலத்தில் அதைப் போடாமல், எங்கே போட்டீர்கள் என்பதைப் பண்ணைப் பதிவேட்டில் தேதியோடு எழுதி வையுங்கள்.