பைத்தான் ரிவால்வருக்கு 5,200 டாலர் கொடுக்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கிரீன் கார்டு வாங்கி டெக்சஸில் குடியிருக்கிறேன். கோல்ட் (Colt) நிறுவனத்தின் பைத்தான் ரிவால்வர் மேல் ரொம்ப நாளாக ஆசை. 1970-களில் செய்தது, ஆறு அங்குலக் குழல், ராயல் ப்ளூ என்ற நீல மேல்பூச்சு, பெட்டியோடு என்று போட்டிருந்த ஒன்றைப் போன வாரம் ஆன்லைன் ஏலத்தில் 4,600 டாலருக்கு எடுத்தேன். வரி, கிரெடிட் கார்டு கட்டணம், அனுப்பும் செலவு எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 5,200 ஆகிவிட்டது. துப்பாக்கி டீலர் கடைக்கு வந்துவிட்டது, நான் இன்னும் போய் வாங்கவில்லை. பெட்டி லேபிளில் இருக்கும் எண் வேறு, துப்பாக்கியில் இருக்கும் எண் வேறு என்பதை நேற்றுதான் கவனித்தேன். கூட வேலை பார்ப்பவர் மூவாயிரத்துக்கு மேல் தகாது என்கிறார். ஏமாந்துவிட்டேனா சார்?
– ஆஸ்டின் வாசகர்

பதில்: அதிகம் கொடுத்திருக்கிறீர்கள். எவ்வளவு அதிகம் என்பது துப்பாக்கியைக் கையில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அதைப் பார்க்க உங்களுக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது, அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

டீலர் கடையில் 4473 என்று ஒரு படிவம் தருவார்கள். அதை நிரப்பித் துப்பாக்கி உங்கள் பெயருக்கு மாறிவிட்டால் அது உங்களுடையது. பல விற்பனையாளர்கள் பார்த்துவிட்டுத் திருப்பித்தர மூன்று நாள் அவகாசம் தருவார்கள், ஆனால் பெயர் மாறிய பிறகு அந்தச் சலுகை பெரும்பாலும் இருக்காது. ஏல அறிவிப்பின் கடைசியில் பொடி எழுத்தில் இதை எழுதியிருப்பார்கள், இன்றைக்கே எடுத்துப் படியுங்கள். ‘பெட்டியோடு’ என்று மட்டும் இருக்கிறதா, ‘இதனுடைய சொந்தப் பெட்டி’ என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இரண்டாவது மாதிரி எழுதியிருந்தால் எண் பொருந்தாததைக் காட்டியே திருப்பிக் கேட்கலாம். சும்மா ‘பெட்டியோடு’ என்றிருந்தால் அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் நீங்கள் பெட்டிக்காகக் கூட்டிக் கொடுத்த பணம் வீண். பழைய கோல்ட் பெட்டிகளைத் தனியாக விற்பதே ஒரு வியாபாரம், காலிப் பெட்டிக்கே நூற்றுக்கணக்கான டாலர் கேட்பார்கள். லேபிளில் அதே எண் இருந்தால்தான் சேகரிப்பாளர் அதற்கென்று தனி விலை தருவார்.

அடுத்து மேல்பூச்சு. பைத்தானுக்குப் புகழே அந்த ஆழ்ந்த நீல மெருகால் வந்ததுதான், ஆலையில் கையால் மெருகேற்றி எடுத்தார்கள். அதை யாராவது பின்னாளில் மறுபடி தேய்த்து நீலம் ஏற்றியிருந்தால் பார்வைக்குப் பளபளவென்று இருக்கும், விலையில் பாதி போயிருக்கும். எப்படிக் கண்டுபிடிப்பது? இடது பக்கம் பின்னங்காலில் நிற்கும் குதிரை முத்திரை இருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்து அதன் பிடரி, கால், வால் எல்லாம் கூர்மையாக இருக்கிறதா என்று பாருங்கள். குழல் மேல் உள்ள எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். திருகுத் துளைகளைச் சுற்றி உலோகம் லேசாகக் குழிந்திருந்தால் அது தேய்த்து மெருகேற்றும் பஃபிங் சக்கரத்தின் வேலை. இடது பக்கத்தில் ஒரு மூடித்தகடு இருக்கும், ஆலையிலிருந்து வந்தபடி இருந்தால் அதன் இணைப்பு மயிரிழை போல்தான் தெரியும், தேய்த்ததில் அந்தக் கோடு அகன்று நிற்கும்.

மூன்றாவது இயக்கம். டீலரிடம் அனுமதி கேட்டு, சிலிண்டரை (தோட்டா போடும் ஆறு அறை கொண்ட உருளை) திறந்து காலியாக இருப்பதை இரண்டு பேரும் பார்த்துவிட்டு, ஹேமரை (பின்னால் இருக்கும் சுத்தியல்) கட்டைவிரலால் மிக மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். ஹேமர் முழுதாகப் பின்னால் போய் நிற்பதற்குள் சிலிண்டர் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் தனித்தனியாக இதைச் செய்து பாருங்கள். ஹேமர் நின்ற பிறகும் சிலிண்டர் பூட்டாமல் அரைகுறையாக நின்றால் டைமிங், அதாவது ஹேமரும் சிலிண்டரும் சேர்ந்து இயங்கும் ஒழுங்கு, போய்விட்டது என்று அர்த்தம். பழைய கோல்ட்களில் அடிக்கடி வரும் சிக்கல் இது, சரிசெய்யத் தெரிந்த கைகள் குறைவு, தெரிந்தவர்களிடம் வரிசை நீளம்.

‘சுடாதது’ என்று எழுதியிருந்தால் அதற்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள். எல்லாத் துப்பாக்கியையும் ஆலையிலேயே சுட்டுப் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். அதற்குப் பிறகு சுடவில்லை என்பது விற்பவரின் வாய்வார்த்தை மட்டுமே.

இனி விலைக்கு வருவோம். 1955-இல் பைத்தான் வெளிவந்தபோது 125 டாலர். விலைவாசி ஏற்றத்தைக் கணக்கில் எடுத்தால் 2020-இல் அது சுமார் 1,200 டாலர். ஆலை வழக்கமான தயாரிப்பை 1999-இல் நிறுத்தியது, கேட்பவர்களுக்கு மட்டும் செய்து கொடுத்ததும் சில வருடத்தில் நின்றது. வரத்து நின்றதும் விலை ஏறத் தொடங்கியது, 2010-க்குப் பிறகு ஒரு தொலைக்காட்சித் தொடரின் நாயகன் கையில் அது வாரம் தவறாமல் தெரிந்ததில் இன்னும் ஏறியது. 2020-இல் கோல்ட் நிறுவனமே புது வடிவமைப்பில் துருப்பிடிக்காத எஃகில் பைத்தானை மறுபடி கொண்டுவந்தது, அப்போது பட்டியல் விலை 1,499 டாலர். சுடுவதற்கு வேண்டும் என்பவர்கள் அதை வாங்கிப் போய்விடலாம். பழையதற்கு அதிகம் தருவது அந்தப் பழைய கைவேலைக்காகத்தான்.

பெட்டியில்லாமல், நன்றாகப் புழங்கிய, மேல்பூச்சு மாறாத பழைய ஆறு அங்குல நீலப் பைத்தான் பொதுவாக 2,000-லிருந்து 3,000 டாலருக்குள் கைமாறுகிறது. பெட்டி, கையேடு எல்லாம் எண் பொருந்தி, அப்படியே புதுசுபோல் இருந்தால் நாலாயிரம், ஐயாயிரம் என்று போவது உண்டு. நீங்கள் கொடுத்தது இரண்டாவது வகைக்கான விலை, வாங்கியது முதல் வகைப் பொருளாக இருக்கலாம். உங்கள் நண்பர் சொன்ன கணக்கு தப்பில்லை. நான் சொன்ன மூன்றில் ஒன்று தவறினாலும் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பப் பாருங்கள். கூச்சப்படாதீர்கள், உங்கள் பணம்.

கேள்வி: ஏலத்தில் ஒவ்வொரு முறையும் முதலில் நினைத்ததைவிட அதிகமாகத்தான் போய் நிற்கிறேன். கடைசி நிமிடம் வரை காத்திருந்து போட்டாலும் நேரம் நீண்டுகொண்டே போகிறது. எப்படித்தான் நியாயமான விலைக்கு எடுப்பது?
– அட்லாண்டா வாசகர்

பதில்: அமெரிக்காவின் பெரிய துப்பாக்கி ஏலத் தளத்தில் கடைசி 15 நிமிடத்துக்குள் யார் ஏலம் கேட்டாலும் கடிகாரம் மறுபடி 15 நிமிடத்துக்குப் போகும். யாரும் வாய் திறக்காமல் 15 நிமிடம் ஓடினால்தான் ஏலம் முடியும். அதனால் கடைசி நொடித் தந்திரம் அங்கே எடுபடாது. மாறாக, இரண்டு பேர் ரோஷத்தில் மாறி மாறி ஐம்பது ஐம்பதாக ஏற்றிக்கொண்டு இரவு பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில் மனசு துப்பாக்கியைப் பார்ப்பதில்லை, எதிராளியைத்தான் பார்க்கிறது.

1971-இல் கேப்பன், கிளாப், கேம்ப்பெல் என்ற மூன்று எண்ணெய் நிறுவனப் பொறியாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். கடலடி எண்ணெய் வயல்களை ஏலத்தில் எடுத்த நிறுவனங்களுக்கு எதிர்பார்த்த லாபம் ஏன் வரவில்லை என்பதுதான் விஷயம். பத்துப் பேர் ஒரு வயலை மதிப்பிட்டால் சிலர் குறைவாகவும் சிலர் அதிகமாகவும் மதிப்பிடுவார்கள், ஏலம் போவதோ எல்லாரிலும் அதிகமாகத் தப்புக்கணக்குப் போட்டவருக்கு. வென்றவரின் சாபம் என்று இதற்குப் பெயர். படங்களை மட்டும் பார்த்து மதிப்பிடும் பழைய ரிவால்வருக்கு இது அப்படியே பொருந்தும். திருகுத் துளை குழிந்திருப்பதைக் கவனித்த ஒன்பது பேர் ஒதுங்கிக்கொள்வார்கள், கவனிக்காத ஒருவர் ஜெயிப்பார்.

அதனால் ஏலம் தொடங்குமுன் காகிதத்தில் ஒரு எண் எழுதுங்கள். அந்த எண்ணை எங்கிருந்து எடுப்பது? விற்பனைக்குப் போட்டிருக்கும் விலைகளைப் பார்க்கவே வேண்டாம், அதெல்லாம் கேட்கிறவர்களின் ஆசை, மாதக்கணக்கில் விற்காமல் கிடப்பவைதான் அதில் அதிகம். முடிந்த ஏலங்களைத் தேடும் வசதி தளத்திலேயே உண்டு. அதே மாடல், அதே குழல் நீளம், அதே பூச்சு, அதே காலம் என்று உண்மையில் விற்றவற்றை எடுங்கள், உச்சத்தில் போன ஒன்றையும் அடிமட்டத்தில் போன ஒன்றையும் விட்டுவிட்டு நடுவில் இருப்பதைப் பாருங்கள். உச்சவிலை என்பது இரண்டு பிடிவாதக்காரர்கள் ஒரு இரவில் மோதிக்கொண்ட கதை, அடுத்த வாரம் அதே பொருளுக்கு அந்த இரண்டு பேரில் ஒருவர் இருக்க மாட்டார்.

அந்த நடு விலையிலிருந்து செலவுகளைக் கழியுங்கள். மாநில விற்பனை வரி, கார்டில் கட்டினால் சுமார் மூன்று சதவீதம், அனுப்பும் செலவு, துப்பாக்கியை உங்கள் பெயருக்கு மாற்றித் தர உங்கள் ஊர் டீலருக்குக் கட்டணம், ஏல நிறுவனமாக இருந்தால் வாங்குபவர் தலையில் விழும் தனிக் கட்டணம் என்று பட்டியல் நீளும். அந்தக் கடைசிக் கட்டணம் 15-லிருந்து 25 சதவீதம் வரைகூடப் போகும், 3,000 டாலர் ரிவால்வருக்கு 20 சதவீதம் என்றாலே 600. இதையெல்லாம் கழித்த பிறகு வரும் எண்ணைத்தான் ஏலத்தில் உச்சவரம்பாகப் போட வேண்டும். போட்டுவிட்டுக் கணினியை மூடிவிட்டுச் சாப்பிடப் போங்கள். தோற்றால் தோற்கட்டும், பைத்தான் லட்சக்கணக்கில் செய்த துப்பாக்கி, அடுத்த மாதம் இன்னொன்று வரும்.

கேள்வி: ஒரு பழைய ரிவால்வர் 60 லட்சம் டாலருக்கு விற்றது என்று படித்தேன். இரும்புக்கு இவ்வளவு விலையா?
– மதுரை வாசகர்

பதில்: உண்மைதான். 2021 ஆகஸ்டில் பான்ஹாம்ஸ் ஏல நிறுவனம் லாஸ் ஏஞ்சலஸில் 60 லட்சம் டாலருக்கும் சற்று மேலே விற்ற கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி என்ற மாடல் ரிவால்வர் அது. 1881 ஜூலை 14 இரவு நியூ மெக்சிகோவின் ஃபோர்ட் சம்னரில் பில்லி தி கிட் என்ற பெயர்பெற்ற கொள்ளையனை ஷெரீஃப் பேட் காரெட் சுட்டுக் கொன்றது அந்தத் துப்பாக்கியால்தான். ஏலத்துக்கு முன் 20 முதல் 30 லட்சம் வரை போகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள், இரண்டு மடங்கு போனது.

அதே மாடலை அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கில் செய்தார்கள். கதையில்லாத ஒன்றைச் சில ஆயிரம் டாலருக்கும் வாங்கலாம். மீதி விலை முழுவதும் அது யார் கையில் இருந்து யார் கைக்குப் போனது என்று காட்டும் காகிதங்களுக்குத்தான். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ‘இது ஒரு ஷெரீஃபுடையது’, ‘இது தாத்தா போரில் வைத்திருந்தது’ என்று கதை சொல்லி விலை ஏற்றுபவர்கள் நிறைய. கடிதம், பழைய புகைப்படம், எண் குறிப்பிட்ட ரசீது எதுவும் இல்லையென்றால் கதைக்கு ஒரு டாலர்கூட வேண்டாம். கோல்ட் நிறுவனத்தின் ஆவணப் பிரிவு கட்டணம் வாங்கிக்கொண்டு, ஒரு எண்ணுள்ள துப்பாக்கி ஆலையை விட்டு என்று போனது, எந்தப் பூச்சில், எத்தனை அங்குலக் குழலோடு, எந்தக் கடைக்குப் போனது என்று கடிதம் தருகிறது. குழலை வெட்டியதும் நிக்கல் பூச்சை மாற்றியதும் இதில் அகப்பட்டுவிடும். பெரிய தொகை கொடுக்குமுன் விற்பவரிடம் அந்தக் கடிதத்தைக் கேளுங்கள்.

கேள்வி: எச்-1பி விசாவில் நியூஜெர்சியில் இருக்கிறேன். முதலீடாக ஒரு பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர் ஏலத்தில் எடுத்து வைக்கலாமா?
– எடிசன் வாசகர்

பதில்: வேண்டாம் தம்பி. குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு என்று நண்பர்கள் சொல்வார்கள், அப்படிச் சட்டத்தில் இருப்பது சரிதான், ஆனால் வழக்கறிஞர் ஒருவர் உங்கள் தாள்களைப் பார்த்து எழுத்தில் சொல்லாமல் அதை நம்பி இறங்காதீர்கள். மீறினால் கடுங்குற்றம், விசாவும் கிரீன் கார்டு விண்ணப்பமும் சேர்ந்தே போகும். நியூஜெர்சியில் கைத்துப்பாக்கி வாங்க மாநில அனுமதிச் சீட்டும் தனியாக வேண்டும். 1899-க்கு முன் செய்தவற்றை மத்தியச் சட்டம் தொல்பொருளாகப் பார்க்கிறது, மாநிலச் சட்டம் அப்படியே பார்க்க வேண்டும் என்றில்லை. நண்பர் பெயரில் வாங்கி வைத்துக்கொள்வதும் கூடாது, வேறொருவருக்காகத் தன் பெயரில் படிவம் நிரப்புவது தனிக் குற்றம், அதில் உங்கள் நண்பரும் மாட்டுவார்.

முதலீடு என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள். வாங்கும்போது ஒரு பத்து சதவீதம் செலவு, விற்கும்போது தளத்துக்குக் கமிஷன், இரண்டுக்கும் நடுவில் விலை அதே அளவு ஏறினால்தான் போட்ட காசே திரும்பும். கிரீன் கார்டு வந்த பிறகும் ஆசை இருந்தால் அப்போது எழுதுங்கள், எதைப் பார்த்து வாங்குவது என்று விரிவாகச் சொல்கிறேன்.