கடன் 5 ஆண்டு, பேட்டரி உத்தரவாதம் 4 ஆண்டு: பயன்படுத்திய மின்சாரக் கார் வாங்கலாமா?

கேள்வி: என் டீசல் காருக்கு வயது 9. இதுவரை 1,40,000 கி.மீ. ஓடியிருக்கிறது, லிட்டருக்கு 16 கி.மீ. கொடுக்கிறது. இன்ஜெக்டர்களையும் கிளட்சையும் மாற்றியாக வேண்டும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். அந்தச் செலவைச் செய்வதற்குப் பதில், 4 ஆண்டு ஓடிய மின்சாரக் கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். பேட்டரி 40 கிலோவாட்-மணி, அதாவது 40 யூனிட். டீசல் காரை விற்ற பணம் போக மீதியில் பாதியைச் சேமிப்பிலிருந்து எடுத்து, பாதியை 5 ஆண்டுக் கடனாக வாங்க எண்ணம். வட்டி 10 சதவீதம். தினமும் அலுவலகம் போய்வர 50 கி.மீ., மாதம் ஒருமுறை 150 கி.மீ. தள்ளியிருக்கும் பெற்றோர் வீட்டுக்குப் போய்வருவது என மாதம் 1,500 கி.மீ. ஓடும். வீட்டில் கார் நிறுத்த இடமும் மின் இணைப்பும் உண்டு. இங்கே ஒரு லிட்டர் டீசல் விலைக்கு வீட்டு மின்சாரம் 8 யூனிட் வாங்கலாம். நெடுஞ்சாலை சார்ஜிங் நிலையத்தில் 2 யூனிட்தான் கிடைக்கும். இரண்டு ஆண்டு பொறுத்தால் விலை இறங்கும் என்கிறார் என் மனைவி. என்ன செய்யலாம்?

பதில்: கடனிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அதுதான். மின்சாரக் காரின் பேட்டரிக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் தரும் உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ., எது முந்துகிறதோ அதுவரை. நீங்கள் பார்த்த காருக்கு 4 ஆண்டு முடிந்துவிட்டது. மிச்சம் 4 ஆண்டு. கடனோ 5 ஆண்டு. கடைசி 12 தவணைகளை உத்தரவாதம் தீர்ந்துபோன பேட்டரிக்காகக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். அந்த ஓராண்டில் பேட்டரி பழுதானால் கார் நின்றுவிடும், தவணை நிற்காது. எனவே கடன் 3 ஆண்டுக்கு மேல் வேண்டாம். 3 ஆண்டுத் தவணை கையைக் கடிக்கிறது என்றால், அந்தக் கார் உங்கள் வசதிக்கு மீறியது. இன்னும் ஓராண்டு சேர்த்து முன்பணத்தைக் கூட்டுங்கள், அல்லது விலை குறைந்த காரைப் பாருங்கள்.

இனி, வாங்கினால் லாபமா என்ற கேள்வி. டீசல் விலையும் மின்கட்டணமும் ஊருக்கு ஊர் மாறும் என்பதால், நீங்கள் அனுப்பிய தொகைகளை எல்லாம் உங்கள் ஊர் டீசல் லிட்டராக மாற்றிக்கொண்டேன். மற்ற வாசகர்களும் தங்கள் தொகையை ஒரு லிட்டர் டீசல் விலையால் வகுத்து இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அந்த அளவில் மின்சாரக் காரின் விலை 7,500 லிட்டர். உங்கள் டீசல் கார் இன்றைய நிலையில் 2,500 லிட்டருக்கு விலைபோகும். நீங்கள் புரட்ட வேண்டியது 5,000 லிட்டர். மெக்கானிக் சொன்ன பழுதுச் செலவு 600 லிட்டர்.

மாதம் 1,500 கி.மீ.க்கு உங்கள் டீசல் கார் 94 லிட்டர் குடிக்கிறது. இந்த அளவு மின்சாரக் கார் 100 கி.மீ.க்கு 16 யூனிட் செலவழிப்பதாகத் திரையில் காட்டும். ஆனால் வீட்டு மீட்டரில் 18 ஓடியிருக்கும். சார்ஜ் ஏறும்போது பத்து முதல் பதினைந்து சதவீதம் வரை வெப்பமாகப் போய்விடுகிறது. விற்பவர் யாரும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 18 என்றே வைத்துக்கொண்டால் மாதம் 270 யூனிட், அதாவது 34 லிட்டர் டீசலின் விலை. மாதம் 60 லிட்டர் மிச்சம்.

இது முழுவதும் வீட்டிலேயே சார்ஜ் செய்தால் வரும் கணக்கு. பெற்றோர் வீட்டுப் பயணம் 300 கி.மீ., மொத்த ஓட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்கு வேண்டிய 54 யூனிட்டை நெடுஞ்சாலை நிலையத்தில் வாங்கினால் 27 லிட்டர். மீதி 216 யூனிட் வீட்டில், அதுவும் 27 லிட்டர். மாதம் முழுக்க அலுவலகம் போய்வரும் செலவும் ஒரே ஒரு பயணத்தின் செலவும் சமமாகிவிட்டன பாருங்கள். மிச்சம் 60 லிட்டரிலிருந்து 40 ஆகச் சுருங்கிவிட்டது. உங்கள் கணக்கில் ஒரு யூனிட்டின் விலை ஒரு லிட்டர் டீசல் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் மின்சாரத்தில் ஓட்டுவதால் எரிபொருள் லாபமே கிடையாது. நெடுஞ்சாலை நிலையத்தில் நீங்கள் கொடுப்பது பாதி. வீட்டில் சார்ஜ் செய்ய வழியில்லாத வாசகர் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், பதில் ஒரே வரியில் முடிந்திருக்கும்: டீசல் காரைப் பழுதுபார்த்து ஓட்டுங்கள்.

நான்கு ஆண்டுக்கு மொத்தமாகப் பார்ப்போம். டீசல் காரை வைத்துக்கொண்டால் பழுதுக்கு 600, எரிபொருளுக்கு 4,500, சர்வீசுக்கு ஆண்டுக்கு 300 வீதம் 1,200. இன்று 2,500 பெறும் கார் அப்போது 1,000தான் பெறும். அதில் 1,500 போச்சு. கூட்டினால் 7,800 லிட்டர்.

மின்சாரக் காரில் சர்வீஸ் செலவு குறைவு. எஞ்சின் ஆயில் இல்லை, டைமிங் பெல்ட் இல்லை, இன்ஜெக்டரும் கிளட்சும் டர்போவும் இல்லை. மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் பட்டைகள் பல ஆண்டு வரும். ஆனால் காரின் எடை அதிகம். டயர் சீக்கிரம் தேயும். நான்கு ஆண்டுக்கு 480 போடுகிறேன். காப்பீடு கூடுதலாக 400, மூன்றாண்டுக் கடனுக்கு வட்டி 400. மதிப்புத் தேய்மானம்தான் பெரிய தொகை. 8 வயதில், உத்தரவாதம் முடிந்த நிலையில், இந்தக் கார் 3,000 பெற்றால் போதும் என்று கறாராகவே எடுத்துக்கொள்கிறேன், 4,500 இழப்பு. வீட்டிலேயே சார்ஜ் செய்தால் மின்சாரம் 1,600, மொத்தம் 7,400. பெற்றோர் வீட்டுப் பயணத்துக்கு வெளியே சார்ஜ் செய்தால் மின்சாரம் 2,600, மொத்தம் 8,400.

ஆக, டீசலுக்கும் மின்சாரத்துக்கும் உங்கள் ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு பக்கம் 400 லிட்டர் லாபம், மறு பக்கம் 600 லிட்டர் நட்டம். நான்கு ஆண்டில் இது ஒரு பொருட்டே அல்ல. மாதம் 2,500 கி.மீ. ஓட்டுபவர் என்றால் யோசிக்காமல் மாறுங்கள் என்பேன், 800 கி.மீ. என்றால் வேண்டவே வேண்டாம் என்பேன். நீங்கள் நடுவில் இருக்கிறீர்கள். இந்த இடத்தில் முடிவைத் தள்ளிவிடக்கூடியவை இரண்டுதான்: பெற்றோர் வீட்டில் இருக்கும் சாக்கெட், காரை வாங்கும் விலை.

சாக்கெட்டைச் சொல்லிவிடுகிறேன். சாதாரண வீட்டு சாக்கெட் மணிக்கு 2 யூனிட்டுக்குச் சற்று அதிகமாகக் கொடுக்கும். இரவு பத்து மணி நேரம் செருகி வைத்தால் 120 கி.மீ. ஓட்டத்துக்குப் போதும். போகும்போது பேட்டரியில் மிஞ்சியதோடு சேர்த்தால் மிதமான வேகத்தில் திரும்பி வந்துவிடலாம். கடுங்குளிரிலோ அதிவேகத்திலோ வழியில் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருக்கும். ஆனால் பழைய வீட்டின் வயரிங் பத்து மணி நேரத் தொடர் சுமையைத் தாங்குமா என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டி வழியாகச் செருகுவது கூடவே கூடாது. பெற்றோரின் மின்கட்டணத்தை நீங்கள் கட்டுவீர்கள்தானே?

விலைக்கு வருவோம். நீங்கள் வாங்கப்போவது பேட்டரியைத்தான். கார் அதைச் சுற்றி இருக்கிறது. அப்படியிருக்க, விற்பவர்கள் பெயின்டையும் இருக்கை உறையையும் காட்டுவார்கள், பேட்டரியைப் பற்றி "நன்றாக இருக்கிறது" என்பார்கள். எவ்வளவு நன்றாக என்பது ஓர் எண். அந்த நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்தில் பேட்டரி நலச் சான்று கேளுங்கள். அதோடு நீங்களும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். புறப்படும்போது சார்ஜ் சதவீதத்தைக் குறித்துக்கொண்டு, பயண மீட்டரைப் பூஜ்யமாக்கி, 60 கி.மீ. ஓட்டுங்கள். திரையில் சராசரி 100 கி.மீ.க்கு 16 என்று இருந்தால் செலவானது 9.6 யூனிட். அதற்குள் சார்ஜ் 80 சதவீதத்திலிருந்து 50 ஆகியிருந்தால், 9.6 யூனிட் என்பது பேட்டரியின் 30 சதவீதம். முழுப் பேட்டரி 32 யூனிட். புதிதில் பயன்படுத்தக்கூடிய அளவு 38 என்றால், மிஞ்சியிருப்பது 84 சதவீதம். சில சதவீதம் முன்பின் இருக்கலாம். ஆனால் சான்றில் 95 என்று போட்டிருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

முழு சார்ஜில் திரை காட்டும் கி.மீ. எண்ணை நம்ப வேண்டாம். அது முந்தைய ஓட்டத்தை வைத்துப் போடும் ஊகம். மெதுவாக நாலு நாள் ஓட்டிவிட்டால் அழகான எண்ணாகக் காட்டும். விளம்பரத்தில் இருக்கும் எண்ணும் அப்படித்தான். 40 யூனிட் நிசான் லீஃப் காருக்குப் பழைய ஐரோப்பியச் சோதனை முறையில் 378 கி.மீ., பின்னர் வந்த டபிள்யூஎல்டிபி முறையில் 270 கி.மீ., அமெரிக்க முறையில் 243 கி.மீ. கார் ஒன்று, எண் மூன்று. நடைமுறைக்குக் கடைசி எண்தான் ஓரளவு கிட்டே வரும், அதிலும் பேட்டரி தேய்ந்ததைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

பேட்டரியின் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் பெரும்பாலும் உத்தரவாதம் பேசும். 72 சதவீதத்தில் நிற்கும் பேட்டரிக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் கைகொடுக்காது, நட்டம் உங்களுடையது. நான்கே ஆண்டில் 84க்கு வந்த பேட்டரி, அதிக வெப்பத்திலோ ஓயாத விரைவு சார்ஜிலோ அடிபட்டிருக்கலாம். அந்தக் காருக்கு 7,500 கொடுக்காதீர்கள். 6,500க்கு முடித்தால், வெளியே சார்ஜ் செய்தாலும்கூட மொத்தச் செலவு 7,400க்கு வந்து டீசலை வென்றுவிடும். 90க்கு மேல் இருந்தால் கேட்கும் விலைக்குப் பக்கத்தில் கொடுக்கலாம்.

பேரத்துக்கு உட்காரும் முன் சில காகிதங்களைப் பார்க்க வேண்டும். உத்தரவாதம் இரண்டாம் உரிமையாளருக்கும் செல்லுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். முதல் உரிமையாளருக்கு மட்டும் நீண்ட உத்தரவாதம் தந்து, கைமாறினால் அதைக் குறைத்துவிடும் நிறுவனங்கள் உண்டு. சேசிஸ் எண்ணைக் கொடுத்துத் திரும்பப் பெறும் அறிவிப்பு எதுவும் நிலுவையில் இருக்கிறதா என்று கேளுங்கள். 2021இல் செவ்ரோலெட் போல்ட் கார்கள் அனைத்தையும் ஜெனரல் மோட்டார்ஸ் பேட்டரிக் கோளாறுக்காகத் திரும்ப அழைத்தது. அப்படிப் புதுப் பேட்டரி பெற்ற கார் கிடைத்தால் அதிர்ஷ்டம், பெறாத கார் கிடைத்தால் தலைவலி. ஐரோப்பாவில் பழைய ரெனோ ஸோ கார்கள் பலவற்றில் கார் ஒருவருடையது, பேட்டரி மாத வாடகைக்கு. லீஃப் போன்ற கார்களின் சேடெமோ சார்ஜிங் முனை, புதிய நிலையங்களில் அரிதாகி வருகிறது. நீங்கள் பார்த்த காரின் முனை உங்கள் நெடுஞ்சாலை நிலையங்களுக்குப் பொருந்துமா என்பதை நேரில் போய்ப் பாருங்கள். காரை ஒருமுறை லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கத்தையும் பாருங்கள். பேட்டரிப் பெட்டியில் நசுங்கலோ ஆழமான கீறலோ இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். அடிபட்ட பேட்டரியை உத்தரவாதம் ஏற்காது.

உங்கள் மனைவி சொல்வது தவறில்லை. 2010இலிருந்து 2024க்குள் பேட்டரி விலை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காக இறங்கிவிட்டது. புதிய கார் விலை இறங்கும் ஒவ்வொரு முறையும் பயன்படுத்திய கார்களின் விலையையும் கீழே இழுக்கும். டெஸ்லா 2023 ஜனவரியில் விலையைக் குறைத்தபோது அதன் பழைய கார்கள் சந்தையில் உடனே சரிந்தன. ஆனால் பொறுப்பதற்கும் ஒரு விலை உண்டு. இன்றே 600 லிட்டர் பழுதுச் செலவைச் செய்துவிட்டு, இரண்டு ஆண்டு கழித்து டீசல் காரை விற்றால் அந்த 600இல் பெரும்பகுதி திரும்பாது. காரின் மதிப்பும் இறங்கியிருக்கும். பழைய டீசல் கார்களை நகருக்குள் விடக் கட்டணம் வாங்கும் ஊர்களும் இருக்கின்றன. லண்டனில் 2019 முதல் அப்படித்தான்.

எனவே இன்னொரு மெக்கானிக்கிடம் காரைக் காட்டுங்கள். கிளட்சை மட்டும் மாற்றினால் ஓராண்டு ஓடும் என்று அவர் சொன்னால், மனைவி பேச்சைக் கேளுங்கள்; சேரும் பணம் முன்பணமாகும், கடன் சுருங்கும். இன்ஜெக்டர்களும் இப்போதே வேண்டும் என்று அவரும் சொன்னால், பழுதுபார்க்காமல் அப்படியே விற்றுவிட்டு மின்சாரக் காருக்குப் போங்கள், மேலே சொன்ன விலையில், 3 ஆண்டுக் கடனில். டீசல் காரை விற்க மாற்றுச் சலுகை தரும் டீலரிடம் மட்டும் கேட்காமல் நேரடியாக வாங்குபவர்களிடமும் விலை கேளுங்கள். பழுதைச் சொல்லியே விற்கவும். இரண்டு விலைக்கும் வித்தியாசம் பல நேரம் ஓராண்டு மின்கட்டணத்தை அடைத்துவிடும். சேமிப்பிலிருந்து எடுக்கும் 2,500இல் ஆறு மாதக் குடும்பச் செலவுக்கான தொகை அடங்கியிருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. அடங்கியிருந்தால் அதைத் தொடாதீர்கள். காரின் விலையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.