மஞ்சள் ஆற்றுக் கதை ஏன் நடுவில் வருகிறது?

பேட்டிகளுக்கு நடுவே திடீரென ஒரு பழங்கதை வருகிறதே, பிரதியில் கோளாறா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் பிரதியில் கோளாறு இல்லை. கனடிய வீடியோ கலைஞர் ரிச்சர்ட் ஃபங்கின் ‘சைனீஸ் கேரக்டர்ஸ்’ (1986) வீடியோவில், ஆண்களின் பேச்சுக்கு நடுவே சீனாவின் மஞ்சள் ஆற்றின் ஊற்றைத் தேடிப் போகிறவனின் பழங்கதை வருவது திட்டமிட்டதுதான்.

அதை வெறும் பேட்டிப் படமாகப் பார்த்ததால் குழம்பியிருப்பீர்கள். பேசுபவர்கள் ஆசியத் தன்பாலீர்ப்பு ஆண்கள். அவர்கள் பார்த்துப் பழகிய ஆபாசப் படங்களிலோ வெள்ளை உடலே அழகு. ஆசிய ஆண் அபூர்வமாக வந்தாலும் வெள்ளையரின் இன்பத்துக்குப் பணிபவனாகவே வருவான். இதை ஃபங் 1991இல் கட்டுரையாகவும் எழுதினார். அப்படியானால் ‘என் ஆசை எங்கே ஊற்றெடுத்தது?’ என்பது அந்த ஆண்களின் கேள்வி. ஆற்றின் ஊற்றைத் தேடுபவனின் கேள்வியும் அதுபோன்றதே. என்னை உலுக்கிய இடம் இது.

மீண்டும் பார்க்கும்போது, கதை குறுக்கிடும் இடங்களில் நிறுத்தி, அதற்குமுன் பேசியவரின் கடைசி வாக்கியத்தை எழுதிவைத்து, கதையோடு அது எப்படி இணைகிறது என்று பாருங்கள்.

ஆனால் இவை 1980களின் வட அமெரிக்காவில் பேசிய சிலரின் குரல்கள். ஆசிய ஆண்கள் எல்லோருக்கும் பொருத்திவிடாதீர்கள்.