கையுறை போட்டும் திரும்பத் திரும்பத் தொற்று வருகிறதா?

தங்கச்சி, உப்புவெளி வீட்டில் மாமியாருக்குக் கதீட்டர் (சிறுநீரை வெளியே பைக்குக் கொண்டுவரும் குழாய்) போட்டிருக்கிறது, கையுறை போட்டே எல்லாம் செய்தும் இரண்டாம் முறை சிறுநீர்த் தொற்று வந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். நான் பல வருடம் தாதியாக இருந்தவள். பம்பர்ஸ் மாற்றிய அதே கையுறையோடு யூரின் பையையும் திறக்கிறீர்களா? எனக்கு அங்கேதான் சந்தேகம். இந்தத் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணமான ஈ.கோலி மலத்தில் இருக்கிற கிருமி. மாற்றாத கையுறை உங்கள் கையைக் காக்கும், அவரைக் காக்காது. ஒவ்வொரு வேலைக்கும் புதுச் சோடி. போடும் முன்னும் கழற்றிய பின்னும் சவர்க்காரம் போட்டு 40 முதல் 60 விநாடி கழுவுங்கள்.

அப்புறம் அந்தப் பை. எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும், ஆனால் தரையில் படக்கூடாது. ஆளைப் புரட்டும்போது பலர் பையைத் தூக்கிக் கட்டிலில் வைத்துவிடுவார்கள்; அதிலிருப்பது திரும்ப உள்ளே ஓடும். குழாயையும் பையையும் சும்மா கழற்றிப் பூட்டவும் வேண்டாம். குழாய் நுழையும் இடத்துக்கு டெட்டோல் தேவையில்லை, தினமும் சவர்க்காரமும் தண்ணீரும் போதும்.

காய்ச்சல், நடுக்கம், திடீரெனப் பேச்சுத் தடுமாற்றம் என்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அடுத்த கிளினிக்கில், குழாய் இன்னும் தேவைதானா என்று கட்டாயம் கேளுங்கள்.